முதல் வேலை காத்தாடி: கோலாலம்பூரில் வீட்டு மின்சாதனங்களை நீங்களே பழுது பார்க்க

போன வருடம் செந்தூலில் எங்கள் வீட்டு ஸ்டாண்ட் காத்தாடி (ஃபேன்) நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, "மோட்டார் போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள், திறந்து பார்த்ததற்கு 20 வெள்ளி (ரிங்கிட்) வேறு. வந்த எரிச்சலில் நானே திறந்தேன். அடுத்த மூன்று மாதத்தில் தவறான சாமான்கள், உடைந்த இறக்கை, எரிந்த மீட்டர் ஃபியூஸ், கெட்டுப்போன ஒரு கிலோ மீன் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 180 வெள்ளி போனது. கடைசியில் அந்தக் காத்தாடியை ஓடவைத்த சாமானின் விலை 4 வெள்ளி.

நான் மின்சாரம் படித்தவன் இல்லை, கணக்குப் பிரிவில் வேலை. அதே மாதிரி எதுவும் தெரியாமல் இறங்கப் போகிறவர்களுக்காக, நான் போன தவறான வழிகளை விட்டுவிட்டு, சரியான வரிசையில் எழுதுகிறேன்.

1. ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் ரசீதைத் தேடுங்கள்

முதலில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். சில காத்தாடிகளிலும் துணி துவைக்கும் இயந்திரங்களிலும் முழுப் பொருளுக்கு ஒரு காலம், மோட்டாருக்கு மட்டும் அதைவிட நீண்ட காலம் என்று போட்டிருப்பார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மூடியின் ஸ்குரூ மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைக் கிழித்தால், 'நீங்களே திறந்துவிட்டீர்கள்' என்று சொல்லிக் கைகழுவ அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

இங்கே கடைகளில் தரும் ரசீது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள், நம் ஊர்ச் சூட்டில் ஓராண்டுக்குள் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே மூன்று படம் எடுத்துவிடுங்கள்: ரசீது, வாரண்டி அட்டை, பொருளின் பின்பக்கத்தில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர். மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள்.

வாரண்டிக் காலத்திலேயே பழுதாகி, கடையும் நிறுவனமும் மாறி மாறி அலையவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், விண்ணப்பக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 100 வெள்ளிக் காத்தாடிக்கு யாரும் போகமாட்டார்கள், ஆனால் 2,000 வெள்ளி டிவிக்குப் போகலாம், அப்போது அந்த மூன்று படமும்தான் உங்கள் ஆதாரம்.

2. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், பழக்கத்தில் இன்னும் 240 என்கிறோம். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்தான் உங்கள் எல்லை. சுவருக்குள் போகும் ஒயர், டிபி பெட்டி (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி), புதிய பாயிண்ட், வாட்டர் ஹீட்டர் எதுவும் உங்கள் வேலை இல்லை. நாட்டின் மின் சட்டப்படி அந்த வேலைகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். 'யூடியூபில் பார்த்தேன்' என்பதற்கு அங்கே மரியாதை இல்லை.

பிளக் போட்ட பொருள்களிலும் ஒன்றைத் தொடவே கூடாது: மைக்ரோவேவ் அடுப்பு. அதற்குள் உள்ள கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சாமான், ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். பழைய படக்குழாய் டிவியும் அப்படித்தான். லேப்டாப் சார்ஜர், எல்.ஈ.டி. டிவியின் பவர் போர்டு போன்றவற்றில், 230 வோல்ட் ஏ.சி. உள்ளே நேர் மின்னோட்டமாக மாறி 325 வோல்ட் அளவில் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும். அதையெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

3. கருவிகள்: 120 வெள்ளிக்கு மேல் போகாதீர்கள்

நான் முதலில் வாங்கியது 70 சாமான் அடங்கிய ஒரு பெட்டி. அதில் இன்றுவரை பயன்படுவது ஆறு. நான் கொடுத்த விலையையே சொல்கிறேன், சில வெள்ளி முன்னே பின்னே இருக்கும்.

மீட்டர், அதாவது மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர், 45 வெள்ளி. இதில்தான் முதல் ஏமாற்று. 15 வெள்ளிக்குக் கிடைக்கும் மஞ்சள் நிற மீட்டர்களில் பெரும்பாலானவை கெப்பாசிட்டரை அளக்காது. காத்தாடி வேலைக்கு முக்கியமே அதுதான். வாங்கும் முன் வட்டமான திருப்பியில் மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரை அளக்கும் அலகு) அளவு இருக்கிறதா, ஒயர் தொடர்பு இருந்தால் 'பீப்' சத்தம் போடுமா, இரண்டையும் பாருங்கள்.

வெப்பநிலை மாற்றக்கூடிய 60 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டவைக்கும் கருவி) 30 வெள்ளி, ஒரு சுருள் ஈயம் 18, நல்ல ஸ்குரூ டிரைவர் இரண்டு 14, ஒயர் வெட்டி 8, ஒட்டிய இடத்தை மூட, சூட்டில் சுருங்கும் குழாய் 5. மொத்தம் 120. ஈயத்தில் 60/40 அல்லது 63/37 (வெள்ளீயமும் ஈயமும் கலந்த விகிதம்) என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், 0.8 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஈயம் இல்லாத வகை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், கற்றுக்கொள்பவர் கைக்கு அடங்காது. 63/37 என்பது 183 டிகிரியில் பட்டென்று உருகிப் பட்டென்று இறுகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், அதில் சமாதானம் கிடையாது.

4. மீட்டரோடு ஒரு மாலை

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், நான் குதித்தேன். கடிகார பேட்டரியை அளந்து பாருங்கள், புதியது 1.5 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். நல்ல ஃபியூஸ், போன ஃபியூஸ் இரண்டையும் பீப் வைத்துப் பாருங்கள். பழைய சார்ஜர் ஒயரை நடுவில் வெட்டி எந்த இழை எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு மாலை போதும்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரில் சிவப்பு ஒயர் செருக இரண்டு ஓட்டை இருக்கும், ஒன்று வோல்ட்டுக்கு, மற்றது 10 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு. ஆம்பியர் ஓட்டையில் ஒயரை வைத்தபடியே வோல்ட் அளக்கப் போனால் இரு முனைகளையும் நேராகச் சேர்த்துவிட்டதாக அர்த்தம். நான் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இதைச் செய்தேன், ஒயர் நுனி உருகி மீட்டர் ஃபியூஸ் எரிந்ததோடு தப்பித்தேன். இதையே சுவர் பிளக்கில் செய்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். புதியவர்கள் சுவர் பிளக்கை அளக்கவே தேவையில்லை, அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்க்க ஒரு மேசை விளக்கு போதும்.

5. முதல் வேலை: காத்தாடி

ஏன் காத்தாடி என்றால், நம் ஊரில் எல்லா வீட்டிலும் பழுதானது ஒன்று இருக்கும், உள்ளே சர்க்யூட் போர்டு இல்லாத பழைய மாடலாக இருந்தால் ஐந்தாறு ஒயர்தான், தப்பாகப் போனாலும் நஷ்டம் பெரிதில்லை. ரிமோட் வைத்த மாடலை முதலில் தொடாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள், பிளக் உங்கள் கண்ணெதிரே மேசை மேல் கிடக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளோ, 'ஏன் இது கழண்டு கிடக்கு' என்று செருகிவிடும் அம்மாவோ இருந்தால் இன்னும் முக்கியம்.

திறப்பதற்கு முன்பே கையால் இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும்.

இறக்கை கையாலேயே கஷ்டப்பட்டுச் சுற்றினால் மின்சாரக் கோளாறே இல்லை, அச்சு தாங்கும் புஷ் காய்ந்துபோயிருக்கிறது. பின்பக்கம் திறந்தால் முடியும் தூசியும் பசை மாதிரி அப்பியிருக்கும். எங்கள் காத்தாடி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது, சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தார் போல ஆகியிருந்தது. துடைத்துவிட்டு, அச்சின் முன்னும் பின்னும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் அது பிசினாகிவிடும். டப்பாவில் பீய்ச்சும் துருநீக்கித் திரவமும் வேண்டாம், அது இருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும், ஒரு வாரத்தில் மறுபடி இறுகும்.

இறக்கை சுலபமாகச் சுற்றுகிறது, சுவிட்சைப் போட்டால் முனகுகிறது, ஆனால் தானாகத் தொடங்கவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். மோட்டாரில் இரண்டு சுருள் உண்டு, இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்சாரத்தைச் சற்று முன்தள்ளித் தொடக்கத் தள்ளு கொடுப்பது இந்தக் கெப்பாசிட்டர்தான். அது பலவீனமானால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்றபடி முனகும், சூடாகும். எனக்கு 'மோட்டார் போச்சு' என்று சொன்னது இதைத்தான்.

சத்தமே இல்லை, உயிரே இல்லை என்றால் பிளக் ஃபியூஸ், ஒயர், சுவிட்ச், கடைசியாக மோட்டாருக்குள் இருக்கும் வெப்ப ஃபியூஸ் என்று இந்த வரிசையிலேயே பீப் வைத்துப் பாருங்கள். சுலபமானதிலிருந்து கஷ்டமானதற்கு. நான் தலைகீழாக மோட்டாரிலிருந்து தொடங்கி ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன்.

இனி கழற்றுவது. முன் கூண்டை எடுத்ததும் இறக்கையைப் பிடித்திருக்கும் நடு மூடி ஒன்று இருக்கும். பெரும்பாலான ஸ்டாண்ட் காத்தாடிகளில் அது எதிர்ப்பக்க மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி இறுக்கி, கோபத்தில் இறக்கையை உடைத்துக்கொண்டேன். தனி இறக்கை தேடி இரண்டு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) அலைந்தது தனிக்கதை. இறக்கைக்குப் பின்னால், பின்கூண்டைப் பிடித்திருக்கும் மரை சாதாரண மரைதான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு ஒயரைக் கழற்றும் முன்னும் படம் எடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று நிறம் தெரிகிற மாதிரி கிட்டத்திலிருந்து. வேகத்துக்கு மூன்று ஒயர், எல்லாமே பழுப்பேறி ஒரே நிறமாகத் தெரியும், படம் இல்லாவிட்டால் மூன்றாம் எண்ணில் மெதுவாகவும் ஒன்றாம் எண்ணில் வேகமாகவும் ஓடும்.

கெப்பாசிட்டர் என்பது இரண்டு ஒயர் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. பிளக் கையில் இருந்தாலும் அதில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கலாம், பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்குரூ டிரைவரின் நுனியால் அதன் இரு முனையையும் ஒருமுறை சேர்த்துவிட்டுத் தொடுங்கள். அப்புறம் அளவிடுங்கள். எங்களுடையதில் 1.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, அளந்தால் 0.6. எழுதியிருப்பதற்கு ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், பாதிக்குக் கீழே போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அது மோட்டார் சுருளோடு சேர்த்துக் கட்டியிருக்கும், தன்மேல் எழுதியிருக்கும் சூட்டைத் தாண்டினால் ஒருமுறை அறுந்துவிடும், திரும்பச் சேராது. அது ஏன் சூடானது என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இறுகிய புஷ்தான் காரணம். ஃபியூஸை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்தால் காத்தாடி ஓடும், அப்படி ஓடுவதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய. அது ராத்திரி முழுக்க, நீங்கள் தூங்கும்போது, மெத்தைக்குப் பக்கத்தில் ஓடும் பொருள். தயவுசெய்து வேண்டாம்.

6. சாமான் வாங்குவது

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் புடுவில் உள்ள ஜாலான் பசார்தான் இடம். இரண்டு பக்கமும் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள், எல்.ஆர்.டி. ரயிலில் புடு நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம், காரில் போய் நிறுத்த இடம் தேடுவது வீண். லாவ் யாட் பிளாசாவுக்குப் போகாதீர்கள், அது கணினியும் கைப்பேசியும் வாங்கும் இடம், 4 வெள்ளிக் கெப்பாசிட்டருக்கு அங்கே வேலை இல்லை.

பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் முதல்முறை வெறும் கையோடு போய், மலாயில் விளக்க முயன்று, 2.5 மைக்ரோஃபாரட் வாங்கி வந்தேன். தவுக்கே (கடை முதலாளி) கேட்கும் முதல் கேள்வியே, "பாஸ், பாராங் லாமா அடா?" என்பதுதான், பழைய சாமான் இருக்கிறதா என்று. மேசை மேல் வைத்துவிட்டால் பேச்சே தேவையில்லை, பத்து விநாடியில் அதே மாதிரி ஒன்று வந்துவிடும்.

மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது, 450 வோல்ட் ஏ.சி. என்று போட்டிருப்பது காத்தாடிக்குச் சரி. 'பெரியதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும்' என்று யாராவது சொல்வார்கள். சுருள்தான் சூடாகும். வெப்ப ஃபியூஸுக்கு டிகிரியும் ஆம்பியரும் அதே எண். எப்போதும் இரண்டாக வாங்குங்கள், சில வெள்ளிக்காக மறுபடி ரயில் ஏற வேண்டாம்.

கிழமை பார்த்துப் போங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாதிக் கடைகளின் ஷட்டரைப் பார்த்துத் திரும்பினேன். சனிக்கிழமை காலை எனக்குச் சரிப்பட்டது. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் போகவே வேண்டாம். அதே நாள்களில் சீனாவிலிருந்து வரவேண்டிய ஆன்லைன் சரக்கும் தேங்கிவிடும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், விற்பவர் உள்ளூரா வெளிநாடா என்று பாருங்கள். உள்ளூர் என்றால் எனக்கு இரண்டு மூன்று நாள், சீனாவிலிருந்து என்றால் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகியிருக்கிறது. 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 சதவீத விற்பனை வரி உண்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 'மலிவு' பல நேரம் மலிவில்லை. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பணம் திரும்பக் கேட்க அது இல்லாமல் வாதாட முடியாது. சார்ஜர், அடாப்டர் போன்ற முழுப் பொருள் வாங்கினால் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை வீட்டில் செருக நான் தயாரில்லை.

பினாங்கு நண்பர்கள், பிள்ளைகளுக்கு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சென்சார் என்று தேடினால் அங்கேயே பெருநிலப் பகுதியில், அந்த மாதிரி சாமான் விற்கும் சைட்ரன் நிறுவனம் இருக்கிறது. காத்தாடிச் சாமானுக்குப் பக்கத்து மின்கடைதான்.

7. ஈயம் வைப்பது

ஒரு மணி நேரம் பழைய ஒயர் துண்டுகளில் பழகிவிட்டு வாருங்கள். அயர்னை 330, 350 டிகிரி அளவில் வையுங்கள். ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி ஒயர் மேல் சொட்டவைப்பது எல்லாரும் செய்யும் தப்பு. ஒயரைச் சூடாக்குங்கள், ஈயத்தை ஒயரில் வையுங்கள், அதுவே உருகி இழைகளுக்குள் ஓட வேண்டும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். எழும் புகை ஈயப் புகை இல்லை, உள்ளே இருக்கும் ரோசின் புகை, ஆனாலும் மூக்குக்கு நல்லதில்லை, ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

சுருங்கும் குழாயை ஒயரில் மாட்டிவிட்டுப் பிறகு ஈயம் வையுங்கள். எழுதும்போது சாதாரணமாக இருக்கிறது. நான் ஆறு முறை மறந்திருக்கிறேன்.

வெப்ப ஃபியூஸுக்கு மட்டும் ஈயம் வேண்டாம், உங்கள் அயர்ன் சூட்டிலேயே அது அறுந்துவிடும். அழுத்தி இறுக்கும் சின்ன உலோகக் குழாய் கடையில் கேட்டால் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

8. மின்சாரம் கொடுக்கும் முன்

எல்லாவற்றையும் மூடிய பிறகு, பிளக்கைச் செருகாமல், காத்தாடி சுவிட்சை ஒன்றில் வைத்து, பிளக்கின் இரண்டு மின் கால்களுக்கு நடுவே ஓம் (மின்தடை) அளவிடுங்கள். சில நூறு ஓம் காட்டினால் சரி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, திரும்பத் திறந்து பாருங்கள்.

பிளக்கையும் பிரித்துப் பாருங்கள். பழுப்பு ஒயர் ஃபியூஸ் பக்கம், நீலம் மறுபக்கம், பச்சை மஞ்சள் இருந்தால் மேல் காலுக்கு. காத்தாடிகளில் பச்சை மஞ்சள் இல்லாமலும் இருக்கும், முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். காத்தாடி குடிப்பது 50, 60 வாட், கால் ஆம்பியர் சுமார். அதற்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். 13 ஆம்பியர் கிடந்தால் மாற்றுங்கள், ஒரு வெள்ளி கூட ஆகாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூடியில் ஒரு ஒயர் நசுங்கியது தெரியாமல், 13 ஆம்பியர் ஃபியூஸோடு, ராத்திரி பதினொரு மணிக்கு, சமையலறைப் பிளக்கில் செருகினேன். டப்பென்று டிபி பெட்டியில் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. நானும் பயந்துபோய்ப் படுக்கப் போய்விட்டேன். அதே எம்.சி.பி.யில்தான் குளிர்பெட்டியும் இருந்தது. அந்த மீனைப் பற்றி அம்மா இன்றும் பேசுகிறார். 3 ஆம்பியர் போட்டிருந்தால் பெரும்பாலும் பிளக்கோடு முடிந்திருக்கும்.

ஆகவே முதல் சோதனை பகலில், சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷனில், முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு. அதற்கு முன் டிபி பெட்டியில், மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் சுவிட்சான ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் காத்தாடியை ஓரமாக வைத்துவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள், அதுதான் இப்போது அவசரம். எல்லாம் சரி என்றால் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் உறையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ தப்பு.

9. மீந்த சாமான்கள்

போன கெப்பாசிட்டரையும் போர்டுகளையும் சமையல் குப்பையோடு போடாதீர்கள். சுற்றுச்சூழல் துறை வீட்டு மின்கழிவு சேகரிப்பு மையங்களின் பட்டியல் வைத்திருக்கிறது, சில பேரங்காடிகளிலும் பெட்டி இருக்கும். நான் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுபோகிறேன். லித்தியம் பேட்டரி மட்டும் டின்னில் சேர்க்கக் கூடாது, முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். வீங்கிய பேட்டரி கையில் கிடைத்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வெயில் படாத இடத்தில் மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, அந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.